கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு

அவர் நகங்களில் சாயம் பூசி நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டைப் பையில் ஒரு நெயில் பாலிஷ் புட்டி எப்போதும் இருக்கும். எஞ்சினைக் கழுவித் துடைத்து, காற்றடித்து, கழற்றி வைத்த பேட்டரி வயரை மறுபடி மாட்டி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதன் கவ்வியை இறுக்குவார். இறுக்கியதைச் சுண்டுவிரலால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அசையாது. அப்போதுதான் புட்டி வெளியே வரும். மூடியோடு வரும் சின்னத் தூரிகையைப் புட்டியின் வாயில் ஒரு பக்கமாக வழித்துவிட்டு, நட்டின் தலையிலிருந்து கவ்வியின் உடம்புவரை குறுக்காக ஒரு கோடு இழுப்பார். இரண்டு முறை ஊதுவார். மூன்றாவது முறை ஊதுவதற்கு வாயைக் குவித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிடுவார். நிறம் கத்தரிப்பூ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். "எதுக்குக்கா இது?"

"நட்டு தளர்ந்தா கோடு உடைஞ்சுடும். கோடு நேரா இருந்தா நட்டும் இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

அது மூன்று மேடைகள் உள்ள வண்டி கழுவும் இடம். முதல் இரண்டில் வெளிப்பக்கம் கழுவுவார்கள். மூன்றாவது எஞ்சின் மேடை, அது அக்காவுடையது. எனக்கு வேலை, கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து வண்டி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. ஆட்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. மேசைக்குள் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். இரண்டு வரி படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் நேர் எதிரே மூன்றாவது மேடை. அப்படித்தான் அவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆறட்டும் அக்கா'. எந்த வண்டி வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் புறங்கையைப் பிடித்துப் பார்ப்பார். "ஆறட்டும்" என்பார். அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் நடக்காது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பது அவருக்கு வேலையின் விதி அல்ல, வேறு ஏதோ என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

என்னை அவர் 'சீட்டுக்காரரே' என்று கூப்பிடுவார். எனக்கு வயது இருபத்து மூன்று, அவருக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். அந்த வயது வித்தியாசத்தில் யாரும் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். அவர் என்னை மட்டுமல்ல, அந்த இடத்தில் யாரையும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. தண்ணீர் அடிப்பவரை 'குழாய்', முதலாளியின் மகனைக்கூட 'சின்ன முதலாளி'. இதை நான் கவனித்திருந்தேன். கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு வாரம் தேவைப்படும். அந்த வாரம் முடிவதற்குள் கேள்வி பழசாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்தார். விற்கப்போகும் வண்டி. வாங்குகிறவர் நான்கு மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அக்கா பானெட்டைத் திறந்தார். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து எஞ்சின்மேல் கறுப்புத் தோலாகப் படிந்திருந்தது. புறங்கையைப் பிடித்தார்.

"ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்மா?"

"முக்கால் மணி."

"முக்கால் மணியா? ஓரமா பிரஷர்ல தண்ணிய அடிச்சு விட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது சார். ஒரே நிமிஷத்துல வெடிச்சுடும். வாங்க வர்றவருக்கு முழு எஞ்சின் வேணுமா, பாதி எஞ்சின் போதுமா?"

முதலாளி தன் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "சார், அந்தம்மாகிட்ட பேச்சே வேணாம். எனக்கு டீயைக்கூட ஆறவச்சுத்தான் குடுக்குது. நான் சூடா டீ குடிச்சு ஒன்பது வருஷமாச்சு."

கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. என் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்து போனார். "கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைச்சா சீக்கிரம் பளபளன்னு வருமே?"

"வரும் சார். தீயும் பளபளன்னுதான் வரும்."

காத்திருக்கும் நேரத்திலும் அக்கா சும்மா இருக்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்திலிருந்து காய்ந்த இலைகளைக் கையால் அள்ளினார். ஈரம் படாத தூரிகையால் புழுதியைத் தட்டினார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, உலோகத்தில் படாதபடி துணியில் சுற்றி ஒதுக்கினார். "கவ்வி புதுசா இருக்கே" என்றார். போன வருடம் பேட்டரி மாற்றியபோது கவ்வியையும் சேர்த்து மாற்றியதாகக் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். பிறகு ரொட்டிப் பாக்கெட் உறைகளும் ரப்பர் வளையங்களும். ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று, காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒன்று, காயில்களுக்கு, வயர் இணைப்புகளுக்கு என்று தண்ணீர் படக் கூடாத எல்லா இடத்துக்கும் உறை மாட்டினார். மாட்டி முடித்ததும் சுவரில் சாக்பீஸால் எட்டு என்று எழுதினார். எட்டு போட்டால் எட்டு திரும்ப வர வேண்டும். காற்று வாயில் ஒரு உறை தங்கிவிட்டால் வண்டி மூச்சு முட்டி நிற்கும்.

முக்கால் மணி ஆனது. மறுபடி புறங்கை. இந்த முறை தலையசைத்தார்.

எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் திரவத்தை அவர் கீழிருந்து மேலே தெளிப்பார். மேலிருந்து தெளித்தால் வழிந்த தடம் கோடுகோடாக நின்றுவிடும். தெளித்தபின் ஏழெட்டு நிமிடம் ஊற வேண்டும், ஆனால் காயக் கூடாது. காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும். அந்த ஏழெட்டு நிமிடமும் அவர் கண் எஞ்சினை விட்டு நகராது. பிறகு பெயின்ட் தூரிகை, சந்துகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். கை ஒரே சீராகப் போகும். நான் புத்தகம் படிக்கும்போதும் அந்தச் சரசரப்பு காதில் இருக்கும்.

அன்று அது நின்றது.

தலையைத் தூக்கினேன். அக்கா எஞ்சினின் மேல்மூடிமீது குனிந்திருந்தார். பிரஷ் கையில் இருந்தது. கை அசையவில்லை. கறுப்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பிறகு வழிவதும் நின்றது. ஓரங்களில் நுரை வெளுக்க ஆரம்பித்தது. நான் அங்கே வந்த இரண்டு வருடங்களில் அவர் ஒரு எஞ்சினையும் காயவிட்டதில்லை.

தடுப்பைவிட்டு வெளியே வந்தேன். நான் அப்படி வருவது அபூர்வம்.

"அக்கா, காயுது."

அவர் காதில் விழவில்லை. பக்கத்தில் போய் அவர் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேல்மூடியை இறுக்கும் போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் மூடிவரை குறுக்காக ஒரு கோடு. மங்கியிருந்தாலும் நிறம் தெரிந்தது. கத்தரிப்பூ. கடைசி போல்ட்டில் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

"நீங்க போட்டதாக்கா?"

"நான் பேட்டரிய விட்டு வேற எதையும் கழட்ட மாட்டேன்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இது என் தம்பி போட்டது."

பிறகு சட்டென்று குழாயைத் திருப்பி, மெதுவான தண்ணீரில் எல்லாவற்றையும் அலசினார். காய்ந்த இடங்களில் மறுபடி தெளித்து, மறுபடி தேய்த்தார். அந்தப் போல்ட்டுகளை மட்டும் பிரஷ் படாமல், துணி நுனியைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்தார். காற்றடித்தார். உறைகளைக் கழற்றி எண்ணினார். ஏழு வந்தது. மறுபடி எண்ணினார், ஏழு. எட்டாவதை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அது அவர் தோளிலேயே ஒட்டியிருந்தது.

கவ்வியை மாட்டி, இறுக்கி, கோடு போட்டார். ஊதவில்லை. வண்டியைக் கிளப்பச் சொன்னார். எஞ்சின் ஒரே தட்டலில் எழுந்து, அலட்டிக்கொள்ளாமல் ஓடத் தொடங்கியது. பானெட்டைத் திறந்தபடியே வைத்து ஈரம் காயும்வரை ஓடவிடுவது வழக்கம். அக்கா கண்ணாடிக் கடைக்காரரிடம் போனார்.

"சார், இந்த எஞ்சின் மேல்பக்கம் யாரோ பிரிச்சு வேலை பார்த்திருக்காங்க."

"ஆமாம்மா. மூணு வருஷம் முன்னாடி நான் வாங்கறப்போ, வித்தவர் பிரிச்சுச் சரிபண்ணித்தான் குடுத்தார். ஏன், எதாவது கோளாறா?"

"அதுக்கப்புறம் எதாவது தொந்தரவு குடுத்துச்சா?"

"தொந்தரவா? ஒரு சொட்டு எண்ணெய் கசிஞ்சதில்ல. விக்கவே மனசில்ல எனக்கு. வீட்ல ஆள் கூடிட்டாங்க, இடம் பத்தல."

அக்கா பக்கத்தில் கவிழ்ந்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு சொட்டு கசியலையாம்" என்று என்னிடம் சொன்னார். எதிரே நின்ற என்னிடம்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஓட்டுநர் கதவின் ஓரத்தில் பழைய ஆயில் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. எந்தப் பட்டறை, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர். வேறு ஊர்ப் பட்டறை, நெடுஞ்சாலையோரம், பேருந்தில் நான்கு மணி நேரம். போன் எண் பாதி அழிந்தும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்காரர் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தடுப்புக்குள் வந்து, முதல் தடவையாக, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். வீட்டில் இருந்த ஒரே சொத்து அந்தக் கார். தம்பி பத்தொன்பது வயதில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். இறுக்கிய போல்ட்டுக்குக் கோடு போட வேண்டும் என்று பட்டறையில் சொல்லிக்கொடுத்தார்கள், சாயம் தரவில்லை. அக்காவின் நெயில் பாலிஷைத் திருடிக்கொண்டு போனான். அவர் கத்துவார், அவன் சிரிப்பான். அப்பா உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். அவர் வீடு திரும்பும் நாளில் வண்டி புதுசாக இருக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. அவரை அழைத்து வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வண்டியை எங்கேயோ ஓட்டிவிட்டு வந்து, அந்தச் சூட்டோடு பானெட்டைத் திறந்து, குழாயைப் பிடித்துத் தண்ணீரை அடித்தான்.

"ஒரு சத்தம். மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன், அங்க கேட்டுச்சு. எஞ்சின் தலை பிளந்துபோச்சு. வண்டி அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

கேட்டுவிட்டேன். ஒரு வாரம் ஆகவில்லை.

"உன் கை பட்டது எதுவும் உருப்படாதுன்னு சொன்னேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டார். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். "காலைல பார்த்தா ஆளக் காணோம். பை காணோம். என் பாலிஷ் புட்டியும் காணோம். பதினோரு வருஷம். நான் சொன்ன வார்த்தைய எடுத்துக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

இரண்டு வருடம் கழித்து அவர் இந்த வேலைக்கு வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புட்டி வாங்கினார். எஞ்சின்களின் அழுக்குக்குக் கீழே தேட ஆரம்பித்தார். தின்னரைத் தொடாததற்குத் தீ மட்டும் காரணம் அல்ல. தின்னர் பட்டால் நெயில் பாலிஷ் போய்விடும்.

"ஆனா இந்தப் புள்ளி எதுக்குன்னு தெரியல" என்றார். "வீட்ல இருந்தப்போ கோடு மட்டும்தான் போடுவான்."

நான் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து என்னிடமே நீட்டினார். "நீங்க பேசுங்க, சீட்டுக்காரரே. எனக்குக் குரல் வராது."

எனக்கும் வராது. ஆனாலும் அடித்தேன். பட்டறைக்காரர் எடுத்தார். பின்னால் சுத்தியல் சத்தம். கத்தரிப்பூ நிறத்தில் கோடு போடும் ஒருவர் அங்கே வேலை செய்தாரா என்று கேட்டேன். கேட்கும்போதே பைத்தியக்காரக் கேள்வியாகப் பட்டது.

"நம்ம குட்டையனா?" என்றார் அவர் உடனே. "நாலு வருஷம் இருந்தான். தங்கமான கை. போய் ஒன்றரை வருஷம் ஆச்சே. நீங்க யாரு?"

"அவர் அக்கா பக்கத்துல இருக்காங்க."

சுத்தியலை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். "அக்கா இருக்குன்னு அவன் சொன்னதே இல்லையே" என்றார். எங்கே போனான் என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறதாம்.

நான் திரும்பிச் சொன்னதில் அக்காவின் காதில் விழுந்தது 'தங்கமான கை' மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

அவர் குடியிருந்தது ஓர் அச்சகத்தின் மாடியில், அப்பாவோடு. கீழே இயந்திரம் ஓடும்போது மேலே டம்ளர்கள் நடுங்கும். அன்று மாலை அவர் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். இயந்திரம் நின்றபிறகு அப்பா சொன்னாராம்: "வரணும்னு இல்ல. வண்டி போனதுக்கு நான் அவன்மேல ஒரு நாளும் கோபப்படலன்னு மட்டும் யாராவது சொல்லிட்டா போதும்."

புதன்கிழமை அக்கா விடுப்பு எடுத்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. முதலாளி காரணம் கேட்கவில்லை. அன்று அவருக்குச் சூடாக டீ வந்தது. அதை அவர் மேசையிலேயே வைத்திருந்து, ஆறவிட்டுத்தான் குடித்தார்.

வியாழக்கிழமை காலை அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். முதல் வண்டி வந்தது. புறங்கை. ஆறட்டும். நான் ஏதாவது சொல்வார் என்று மதியம்வரை காத்திருந்தேன். சீட்டு வாங்க வந்தபோது சொன்னார்.

"அங்க அவன் நின்ன இடத்துல ஒரு பலகை கிடக்கு. ஆள் குட்டை இல்லையா, எஞ்சினுக்குள்ள கை எட்டாது. பலகை மேல ஏறி நின்னுதான் வேலை பார்ப்பானாம். ரெண்டு பாதம் பட்ட இடம் தேஞ்சு பள்ளமா இருக்கு."

"ஏறி நின்னு பார்த்தீங்களாக்கா?"

"செருப்பைக் கழட்டிட்டு நின்னேன்" என்றார்.

பட்டறைக்காரரிடம் நம் எண்ணையும் அப்பாவின் செய்தியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். புள்ளியைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் தெரியாது, வேலை சுத்தமா இருந்தால் போதாதா என்று அவர் சொல்லிவிட்டாராம். அதன்பிறகு எங்கள் மேசை போன் ஒலிக்கும்போதெல்லாம் மூன்றாவது மேடையின் சரசரப்பு ஒரு கணம் நிற்கும். நான் ஒவ்வொரு முறையும் தலையை இல்லை என்று ஆட்டிக் காட்டுவேன். மறுபடி சரசரப்பு தொடங்கும். சாயங்காலங்களில் அந்தத் தலையாட்டலோடுதான் நான் வீட்டுக்குப் போனேன்.

ஒரு வருடம் கழித்து எனக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பட்டறை பட்டறையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அது தண்டனை. ஆனால் அந்த நெடுஞ்சாலை என் பகுதியில் வந்தது.

அந்தப் பட்டறைக்கு நான் போன அன்று உரிமையாளர் இல்லை. வண்டி வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் இருந்தார், குட்டையனோடு நான்கு வருடமும் பக்கத்து மேடையில் நின்றவர். அக்கா வந்த அன்று அவர் விடுப்பில் இருந்தாராம். பலகை அப்போதும் அங்கேதான் கிடந்தது. கோட்டைப் பற்றி, புள்ளியைப் பற்றிக் கேட்டேன். ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து, லாரிகள் போகும் இரைச்சலில், அக்காவுக்குப் போன் போட்டு ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். எலக்ட்ரீஷியன் சொன்னது இதுதான்:

"கோடு எல்லா வண்டிக்கும் போடுவான் சார். புள்ளி அப்படி இல்ல. உங்க ஊர்ப் பக்கத்துலேர்ந்து சில வண்டி வரும், பேட்டரி கவ்வில ஏற்கெனவே அதே கத்தரிப்பூ கலர்ல ஒரு கோடு இருக்கும். அதைப் பார்த்தா அன்னைக்கு ஒரு பேச்சு பேச மாட்டான். யாரு போட்டதுன்னு வண்டிக்காரர்கிட்ட கேளேன்டான்னா, கேட்டுட்டா அங்க போகணுமேம்பான். வேலையெல்லாம் முடிச்சு, கடைசி போல்ட்டுல, கோட்டுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைப்பான். அந்த வண்டிங்களுக்கு மட்டும். நான் பார்த்தே நாப்பது வண்டிக்கு மேல வச்சிருப்பான்."